"ரகசியத் தகவலின் பேரில்" என்று செய்தியில் போடுகிறார்களே, அந்தத் தகவல் எங்கிருந்துதான் வருகிறது?

பாம்பன்_காத்து எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் சட்டம் மூன்றாம் வருடம் படிக்கிறேன். சொந்த ஊர் ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கிற மண்டபம் பக்கம். சின்ன வயதிலிருந்தே பேப்பரில் ஒரு வரியைப் படித்துப் படித்து அலுத்துவிட்டது: "கிடைத்த ரகசியத் தகவலின் பேரில் அதிகாரிகள் கண்காணிப்பில் ஈடுபட்டிருந்தபோது..." தங்கம் என்றாலும் இதே வரி, கஞ்சா என்றாலும் இதே வரி, கடல் அட்டை என்றாலும் இதே வரி.

2023 பிப்ரவரியில் எங்கள் மண்டபம் கடலுக்கு அடியிலிருந்து 17.74 கிலோ தங்கத்தை முக்குளித்து எடுத்தார்கள். அதே வருடம் ஜூன் மாதம் மன்னார் வளைகுடாவில் இரண்டு படகை மடக்கி 32 கிலோவுக்கு மேல் பிடித்தார்கள். அதிலும் ஒரு பங்கு கடலில் வீசியதைத் தேடி எடுத்ததுதான். இரண்டிலும் டிஆர்ஐ என்கிற மத்திய வருவாய் புலனாய்வு இயக்குநரகமும் கடலோரக் காவல்படையும் சேர்ந்து வேலை செய்திருக்கின்றன. ராத்திரி எங்கள் கடலில் எத்தனை படகு போகும் என்று எனக்குத் தெரியும். அத்தனையில் இந்தப் படகுதான் என்று எப்படித் தெரிகிறது?

"கூட இருக்கிறவனே காட்டிக் கொடுக்கிறான், வேறென்ன" என்கிறார் அம்மா. போன் ஒட்டுக்கேட்பு என்கிறான் தம்பி. பாடப் புத்தகத்தில் பிரிவு எண்கள் இருக்கின்றன, ஆனால் வேலை எப்படி நடக்கிறது என்று இல்லை. அந்தத் தகவல் சொன்ன ஆள் யார் என்று கோர்ட்டில் கேட்க முடியாதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மூட் கோர்ட்டுக்கும் (கல்லூரியில் நடத்தும் மாதிரி நீதிமன்றம்) இது தேவைப்படுகிறது.

---

டீக்கடை_ராஜா எழுதியது:

எல்லாம் போன்தான் தங்கச்சி. டவரைப் பிடித்தால் ஆள் அகப்பட்டான். இதில் என்ன ரகசியம் இருக்கிறது? செல்போன் வந்தபிறகு இன்ஃபார்மர் எல்லாம் சினிமாவில்தான்.

---

கரையோரம்60 எழுதியது:

ராஜா தம்பி சொல்வதில் கால்வாசி சரி. மிச்சத்தை நான் சொல்கிறேன். மத்திய அரசின் வருவாய்த் துறை ஒன்றில் 31 வருடம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன் நான். அதில் 9 வருடம் கடற்கரை. எந்த அலுவலகம், எந்த ஊர் என்று கேட்காதீர்கள். கீழே வருகிற கதையிலும் ஊரையும் வருடத்தையும் கொஞ்சம் நகர்த்தித்தான் வைத்திருக்கிறேன்.

ரகசியத் தகவல் என்றதும், ஒருத்தன் இருட்டில் வந்து "இன்றைக்கு ராத்திரி 2 மணி, இன்ன படகு, 10 கிலோ" என்று காதில் ஓதிவிட்டுப் போவதாகத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். அப்படி ஒருத்தன் வந்தால் எனக்கு முதலில் அவன் மேல்தான் சந்தேகம் வரும். அவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது என்றால் அவனே பங்காளியாக இருக்கலாம். போட்டிக்காரன் அனுப்பிய ஆளாக இருக்கலாம். நம்மை வடக்கே இழுத்துவிட்டுத் தெற்கே சரக்கு இறக்கப் போகிறவனாகவும் இருக்கலாம். மூன்றிலும் நான் ஏமாந்திருக்கிறேன். கடைசியில் சொன்னதில் ஒரு ராத்திரி முழுக்கச் சவுக்குத் தோப்பில் கொசுக்கடி வாங்கியதுதான் மிச்சம்.

நல்ல தகவல் வரும்போது அது தகவல் மாதிரியே இருக்காது. ஒரு உதாரணம்.

ஐஸ் கம்பெனியில் பார் உடைத்துக் கொடுக்கிற ஒருவர். அவரோடு எனக்கு டீக்கடைப் பழக்கம்தான், வேறு ஒன்றுமில்லை. ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார்: "சார், அந்த நீலப் படகுக்காரன் மூணு வாரமா ஐஸே வாங்கல. ஆனா தினம் கடலுக்குப் போறான். எந்த மீனைய்யா ஐஸ் இல்லாம வரும்?" அவ்வளவுதான். தங்கம் என்ற பேச்சே இல்லை. அவருக்கு வியாபாரம் போன வருத்தம், அதைச் சொன்னார்.

அன்றைக்கு நான் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் ஏலக் கூடம் பக்கம் போய் நின்றேன். நீலப் படகு மீன் கொண்டுவந்து வைக்கவே இல்லை. நாலாவது நாள் என்ஜின் மெக்கானிக் ஒருவரிடம் என் மச்சானுக்கு மோட்டார் வாங்க வேண்டும் என்று பேச்சுக் கொடுத்தேன் (மச்சான் கோயம்புத்தூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறார், பாவம்). நீலப் படகுக்குப் புதிதாக 40 குதிரைத் திறனில் இரண்டாவது என்ஜின் ஏறியிருப்பது அவர் வாயிலிருந்து வந்தது. நண்டு வலைக்குப் போகிறவனுக்கு இரண்டு என்ஜின் எதற்கு? பெட்ரோல் கேன் கணக்கு தனியாக வந்தது. ஆறேழு துண்டுகள். ஒவ்வொன்றையும் கொடுத்த ஆளுக்கு, தான் எதையாவது கொடுத்தோம் என்றே தெரியாது.

இந்தத் துண்டுகள் சேர்ந்தபிறகுதான் ராஜா தம்பி சொல்கிற போன் வருகிறது. அதுவும் பேசுவதைக் கேட்பது இல்லை. சிடிஆர் என்பார்கள். யார், யாருக்கு, எத்தனை மணிக்கு, எந்த டவரிலிருந்து என்ற பட்டியல். அதில் நான் முதலில் பார்ப்பது பேசிய நேரத்தை இல்லை, பேசாத நேரத்தை. படகுக்காரன் போன் சாயங்காலம் 6 மணிக்கு அணைகிறது, காலை 5 மணிக்கு உயிர் பெறுகிறது, சரி, கடலில் டவர் இல்லை. ஆனால் அதே ராத்திரிகளில், அதே மணிக்கு, 70 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஒரு டிராவல்ஸ் டிரைவரின் போனும் ஏன் அணைய வேண்டும்? அவனுக்கென்ன கடல்?

அப்புறம், கடத்தல்காரர்கள் இதையெல்லாம் நம்மைவிட நன்றாகப் படித்து வைத்திருப்பவர்கள். சரக்கை மேலே கொண்டுவருகிறவனுக்கு அனுப்புகிறவனைத் தெரியாது. விமானத்தில் வருகிற குருவிக்கும் (கூலிக்குச் சரக்கு சுமக்கிற ஆள்) அப்படித்தான், வாங்க வருகிறவன் முகம்கூடத் தெரியாது. அடையாளத்துக்கு ஒரு பத்து ரூபாய் நோட்டின் நம்பர், அவ்வளவுதான். கடலில் துரத்தினால் சரக்கை உள்ளே போட்டுவிட்டு இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொள்வார்கள். படகைச் சோதித்தால் வெறும் வலைதான் இருக்கும். நீங்கள் சொன்ன மண்டபம் கேஸில் முக்குளிப்பவர்களை இறக்கியது இதனால்தான். அங்கே தகவல் படகோடு நின்றிருந்தால் கையில் ஒன்றும் கிடைத்திருக்காது. வீசினார்கள் என்பதைக் கண்கொட்டாமல் பார்த்து, அந்த இடத்தை விடாமல் காத்து, ஆளை இறக்கினார்கள். பெரிய வேலை அது.

நீலப் படகுக்கு வருகிறேன். எங்களுக்கு எந்த ராத்திரி என்பது வரைக்கும் தெரிந்துவிட்டது. கரையிலேயே மடக்கியிருக்கலாம். மடக்கவில்லை. ஏன் தெரியுமா? அந்தக் கரையில் அந்த ராத்திரியைப் பற்றித் தெரிந்தவர்கள் மொத்தமே ஐந்து பேர். கரையில் பிடித்தால், காலையில் அந்த ஐந்து பேரும் உட்கார்ந்து "யார் சொன்னது" என்று பேசுவார்கள். அடுத்து "நீ யாரோடு டீ குடித்தாய்" என்பார்கள். ஐஸ்காரர் அந்த ஊரில்தான் இருந்தாக வேண்டும். அவர் மகள் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள்.

அதனால் சரக்கை இறங்க விட்டோம். கார் கிளம்பியது. ஊரைத் தாண்டியது, டோல்கேட்டைத் தாண்டியது. வேறு மாவட்டத்தில், வழக்கமான வாகனச் சோதனை மாதிரி ஒரு பேரிகேட். முன்னால் மூன்று வண்டியை நிறுத்தி ஆர்சி புத்தகம் பார்த்தார்கள். நான்காவது வண்டி இது. பின் சீட்டுக்கு அடியில் துணியில் சுற்றி இருந்தது. இப்போது சந்தேகம் எத்தனை பேர் மேல் போகும் என்று யோசித்துப் பாருங்கள். டிரைவர், டிரைவரின் முதலாளி, டீ குடிக்க நின்ற கடை, காரை வாடகைக்கு விட்டவர், வாங்கக் காத்திருந்த நகைப் பட்டறை ஆள். ஐஸ் கம்பெனி யாருக்கு ஞாபகம் வரும்?

தகவல் சேகரிப்பது எப்படி என்று கேட்டீர்கள். என்னைக் கேட்டால் சேகரிப்பது பாதிதான். அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியாதபடி செலவழிப்பதுதான் மீதிப் பாதி. அதில் கோட்டை விட்டால் அந்தக் கரையில் அடுத்த பத்து வருடத்துக்கு ஒருத்தர் உங்களோடு டீ குடிக்க மாட்டார்.

---

பாம்பன்_காத்து எழுதியது:

ஐயா, ரொம்ப நன்றி. எங்கள் ஊரிலும் ஐஸ் கம்பெனி இருக்கிறது. இனி அந்தப் பக்கம் போனால் சிரிப்பு வரும்.

மூன்று சந்தேகம். இந்த ஆறேழு துண்டுகளை எங்கேயாவது எழுதி வைப்பீர்களா, இல்லை மனதிலேயே வைத்துக்கொள்வீர்களா? அந்த ஐஸ்காரருக்கு ஏதாவது கிடைத்ததா? நிஜமான ஒட்டுக்கேட்பு எப்போது வருகிறது?

---

கருப்புக்கோட்டு எழுதியது:

மூன்றாவது கேள்வி என் பேட்டை. பெரியவர் மீதியைச் சொல்லட்டும்.

ஒட்டுக்கேட்பு அதிகாரிக்குத் தோன்றியபோது போடுகிற ஸ்விட்ச் இல்லை, இருக்கவும் கூடாது. அடிப்படை 1885ஆம் வருடத்துத் தந்திச் சட்டம், பிரிவு 5(2). வெள்ளைக்காரன் தந்திக்கு எழுதியதை வைத்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் தொலைபேசியைக் கேட்டோம். அதற்கு நடைமுறையே இல்லாமல் இருந்தது. பியுசிஎல் என்ற மனித உரிமை அமைப்பு போட்ட வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம்தான், உள்துறைச் செயலாளர் கையெழுத்து வேண்டும், மேலே ஒரு மறு ஆய்வுக் குழு வேண்டும் என்றது. 2007இல் அது தந்தி விதிகளில் 419ஏ விதியானது. ஒரு உத்தரவுக்கு ஆயுள் 60 நாள், நீட்டித்தாலும் மொத்தம் 180 நாளைத் தாண்டக் கூடாது. இப்போது 2023ஆம் வருடத் தொலைத்தொடர்புச் சட்டமும் 2024 டிசம்பரில் வந்த புது விதிகளும் அந்த இடத்துக்கு வந்துவிட்டன. சாரம் ஏறக்குறைய அதேதான்.

யார் யார் கேட்கலாம் என்பதற்கு உதாரணம் வேண்டுமானால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் 2018 டிசம்பரில் உள்துறை அமைச்சகம் வெளியிட்ட பட்டியலைப் பாருங்கள். பத்து அமைப்புகள். உளவுத்துறை, என்ஐஏ என்கிற தேசியப் புலனாய்வு முகமை, சிபிஐ, போதைப்பொருள் தடுப்புப் பிரிவு, அமலாக்கத்துறை இருக்கின்றன. டிஆர்ஐயும் இருக்கிறது.

மூட் கோர்ட்டுக்கு உதவும் ஒரு தீர்ப்பு. சென்னை உயர் நீதிமன்றம், 2025 ஜூலை. ஒரு லஞ்ச வழக்கில் 2011இல் போட்ட ஒட்டுக்கேட்பு உத்தரவை ரத்து செய்தது. "பொது அவசரநிலை" அல்லது "பொதுப் பாதுகாப்பு" இந்த இரண்டில் ஒன்று வெளிப்படையாக இருக்க வேண்டும், சாதாரணக் குற்றத்தை ரகசியமாகத் துப்புத் துலக்குவதற்குப் பிரிவு 5(2) இடம் கொடுக்காது என்பது அதன் சாரம். டெல்லி உயர் நீதிமன்றம் அதற்குச் சில நாள் முன்னால்தான் ஊழல் வழக்கு ஒன்றில் எதிர்த்திசையில் தீர்ப்பு சொல்லியிருந்தது. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வாதாடலாம். எனக்குச் சென்னைத் தீர்ப்புதான் சரியாகப் படுகிறது. என் கட்சிக்காரர்களில் பாதிப் பேர் அதிகாரிகள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மகாராஷ்டிரத்தில் கதை வேறு. பம்பாய் கோஷ்டிகளை மனதில் வைத்து 1999இல் கொண்டுவந்த மகோகா சட்டத்தில் ஒட்டுக்கேட்புக்கென்றே தனிப் பிரிவுகள் உண்டு, அதை நேரடியாகச் சாட்சியமாகவும் வைக்கலாம். 2008இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நாடு முழுக்க அமைப்புசார் குற்றத்துக்கு பிஎன்எஸ் என்கிற புதிய தண்டனைச் சட்டத்தின் 111ஆம் பிரிவு வந்திருக்கிறது, ஆனால் அது தண்டனைப் பிரிவு, ஒட்டுக்கேட்கும் அதிகாரம் எதையும் கூடுதலாகத் தரவில்லை.

யார் சொன்னது என்று கோர்ட்டில் கேட்கலாமா? கேட்கலாம். பதில் சொல்லும்படி அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது. பழைய சாட்சியச் சட்டம் பிரிவு 125, புதியதில் 131. போலீஸுக்கும் உண்டு, வருவாய்த் துறை அதிகாரிக்கும் உண்டு.

---

கரையோரம்60 எழுதியது:

வக்கீல் சார் சரியாகச் சொன்னார். அந்த 125 மட்டும் இல்லையென்றால் எங்கள் கடையை மூட வேண்டியதுதான்.

எழுதி வைப்பீர்களா என்று கேட்டீர்களே, நல்ல கேள்வி. மனதில் இருப்பது தகவல் இல்லை அம்மா, வதந்தி. தகவல் உறுதியானதும் ஒரு படிவத்தில் ஏற்ற வேண்டும். டிஆர்ஐ-1 என்று பெயர். தேதி, மணி, தகவலின் சுருக்கம், மேலதிகாரி பார்த்ததற்குக் கையெழுத்து. தகவல் சொன்னவர் பெயர் அதில் வராது. அவர் தனித்தாளில் இடது கைப் பெருவிரல் ரேகை வைப்பார். அதை உறையில் போட்டு அரக்கு வைத்து மேலதிகாரியின் இரும்புப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். பின்னால் வெகுமதி கொடுக்கும்போது ரேகையை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அதுதான் ஆதாரம்.

ஐஸ்காரர் ரேகை வைத்த சாயங்காலம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. வேலையிலிருந்து நேராக வந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜ் அறை. மை தடவி வைத்தால் வெறும் கறுப்புப் புள்ளிதான் விழுகிறது, ரேகையே இல்லை. நாள் முழுக்க ஐஸில் கிடந்த விரல், தோல் வெளுத்துச் சுருங்கிப் போயிருந்தது. கீழே போய் ஒரு டம்ளர் சுடு டீ வாங்கி வந்தேன். குடிக்க இல்லை, பிடித்துக்கொண்டு உட்கார. அரைமணி நேரம் டம்ளரைக் கையில் வைத்தபடி தன் மகள் கணக்கில் எடுத்த மார்க்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம்தான் ரேகை ஒழுங்காக விழுந்தது.

வெகுமதிக் கணக்கு ஒளிவு மறைவில்லாத விஷயம்தான். பிடிபட்ட பொருளைப் பொறுத்து இவ்வளவு வரை கொடுக்கலாம் என்று வழிகாட்டு நெறிமுறை இருக்கிறது. "வரை" என்ற சொல்லை நன்றாகக் கவனியுங்கள். அது உரிமை இல்லை, கருணை. முதலில் கொஞ்சம் முன்பணம், மீதி வழக்கு, மேல்முறையீடு எல்லாம் முடிந்த பிறகு. எங்கள் அலுவலகத்தில் ஐஸ்காரரின் கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போவதற்குள் மூன்று அதிகாரிகள் மாறினார்கள். மீதிப் பணம் வந்தபோது மகள் கல்லூரி முடித்திருந்தாள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், அது என் தப்பு. வேறு ஒரு கேஸ். தகவல் வந்தது, ஓடினோம், பிடித்தோம், மகசர் (பிடித்த இடத்திலேயே சாட்சிகள் முன்னால் எழுதுகிற பதிவு) எழுதினோம். மகசர் தொடங்கிய நேரம் இரவு 11.15. விடியற்காலை அலுவலகம் வந்த பிறகுதான் படிவத்தை நிரப்பினேன். தூக்கக் கலக்கத்தில் தகவல் வந்த நேரம் 11.40 என்று போட்டுவிட்டேன். தகவல் வருவதற்கு 25 நிமிடம் முன்னாலேயே சரக்கைப் பிடித்த மகான் நான்தான். எதிர்த்தரப்பு வக்கீல் என்னைக் கூண்டில் ஏற்றி இரண்டு மணி நேரம் வைத்துச் செய்தார். "உங்களுக்கு ஜோசியம் தெரியுமா?" என்று கேட்டார். நீதிபதியே சிரித்துவிட்டார்.

தங்கத்தில் அது கொஞ்சம் தாங்கும். சுங்கச் சட்டம் 123ஆம் பிரிவுப்படி இது கடத்தல் தங்கம் இல்லை என்று நிரூபிக்க வேண்டியது வைத்திருப்பவர் பொறுப்பு. போதைப்பொருள் என்றால் தாங்காது. என்டிபிஎஸ் சட்டம் 42ஆம் பிரிவுப்படி வந்த தகவலை எழுத்தில் இறக்கி, 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு நகல் அனுப்ப வேண்டும். கிலோ கணக்கில் பிடித்த சரக்கு அந்த ஒரு தாள் இல்லாமல் தோற்றுப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

---

கருப்புக்கோட்டு எழுதியது:

பெரியவரே, அந்த வக்கீல் என் சீனியராக இருக்கக் கூடும். ஜோசியக் கேள்வி அவருடைய டிரேட்மார்க்.

பாம்பன், 42ஆம் பிரிவோடு டோஃபான் சிங் எதிர் தமிழ்நாடு வழக்கையும் படியுங்கள், 2020 அக்டோபர். போதைப்பொருள் வழக்கில் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது என்று ஆனது அதில்தான். அதுவரை "பிடி, உட்கார வை, எழுதி வாங்கு" என்பதே புலனாய்வாக இருந்தது. அதன் பிறகுதான் பல அலுவலகங்களுக்கு சிடிஆரும் வங்கிக் கணக்கும் திடீரென்று ஞாபகத்துக்கு வந்தன.

---

கவுன்ட்டர்_நம்பர்_3 எழுதியது:

வங்கிக் கணக்கு என்றதும் உள்ளே வருகிறேன். நான் ஒரு வங்கிக் கிளையில் இருக்கிறேன்.

எங்களுக்கு யாரையும் துரத்துகிற வேலை இல்லை. எழுதி அனுப்புவதுதான். மாதத்தில் 10 லட்சத்துக்கு மேல் ரொக்கம் புழங்கினால் அந்த விவரம் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் டெல்லியில் இருக்கிற எஃப்ஐயு என்ற நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குத் தானாகப் போய்விடும். 2004இல் ஆரம்பித்த அமைப்பு அது. அது போலீஸ் இல்லை, யாரையும் கைது செய்யாது. நாங்கள் அனுப்புவதைச் சல்லடை போட்டு யாருக்குத் தேவையோ அவர்களுக்குக் கொடுக்கும்.

சுவாரசியமானது அதைவிடச் சின்னது, சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கை. இதற்குத் தொகை வரம்பு கிடையாது, ஆயிரம் ரூபாயானாலும் உறுத்தினால் எழுதலாம். எங்கள் கிளையில் ஒரு கணக்கு. பெட்டிக்கடை வைத்திருக்கும் அம்மா. மாதம் நாலாயிரம் ஐயாயிரம் வந்துபோகும். திடீரென்று தினம் 49,000, 48,500 என்று கட்ட ஆரம்பித்தார்கள். 50,000ஐத் தாண்டினால் அப்போது பான் கார்டு கேட்போம், அதனால். கட்ட வந்த பையன் ஒவ்வொரு நாளும் வேறு ஆள். இதில் ஒருத்தனிடம் கணக்கு யார் பெயரில் என்று கேட்டால் செல்போனைப் பார்த்துச் சொல்கிறான். கேஷியர் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அன்றைக்கே எழுதினோம்.

அதற்கப்புறம்தான் கஷ்டம். எழுதினோம் என்பதை வாடிக்கையாளரிடம் மூச்சுவிடக் கூடாது. அது சட்டப்படியே தப்பு. அந்த அம்மா மறுநாள் வந்து "என்ன சார், சாப்டீங்களா" என்று கேட்கும்போது சிரித்துப் பேச வேண்டும். அவர் நிஜமாகவே ஒன்றும் அறியாதவர் என்று எனக்குத் தோன்றியது, பாஸ்புக்கை ஐநூறு ரூபாய்க்கு யாருக்கோ கொடுத்திருப்பார். அந்த அறிக்கை என்ன ஆனது என்று எங்களுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஒன்று, பெரியவர் சொன்ன தங்கத்துக்கான பணம் பெரும்பாலும் எங்கள் கவுன்ட்டருக்கே வராது. உண்டியலில், அதாவது ஹவாலாவில் போய்விடும். எங்களிடம் வருவது அதன் சில்லறைதான்.

---

டீக்கடை_ராஜா எழுதியது:

நான் வாயை மூடிக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. டிஆர்ஐ, சுங்கம், கியூ பிராஞ்ச் என்கிற தமிழ்நாடு போலீஸின் உளவுப் பிரிவு, மத்திய உளவுத்துறை, கடலோரப் பாதுகாப்புக் குழுமம், கடற்படை என்று எங்கள் ஊர்க் கரையில் அதிகாரிகள் கூட்டம் மீன் கூட்டத்தைவிட அதிகம். இவர்கள் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்வார்களா, மாட்டார்களா?

---

கரையோரம்60 எழுதியது:

அப்படிக் கேளுங்கள் தம்பி.

காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. கார்கிலுக்குப் பிறகு 2001இல் உளவுத்துறைக்குக் கீழே பல்துறை மையம் ஒன்று உருவாக்கினார்கள். எல்லாத் துறையும் தகவலை அங்கே போட வேண்டும். மும்பைத் தாக்குதலுக்கு அப்புறம் அதை முடுக்கிவிட்டார்கள். என்ஐஏ வந்தது. காவல் நிலையங்களை இணைக்கிற சிசிடிஎன்எஸ் வந்தது. பயங்கரவாதம் என்றால் பகிர்கிறார்கள்.

கடத்தல் என்றால் கை கொஞ்சம் இறுகிவிடும். பிடித்த பெயர் யாருக்கு என்கிற போட்டி ஒரு பக்கம். அதை மட்டும் சொன்னால் நியாயமில்லை. நான் ஒரு தகவலை இன்னொரு துறைக்குச் சொன்னால் அங்கே அது எத்தனை பேர் கண்ணில் படும் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கூட்டத்தில் ஒருத்தனுக்கு மாமூல் போகிறதா என்றும் தெரியாது. ஐஸ்காரரின் கழுத்து என் கையில் இருக்கிறது. அதனால் "சனிக்கிழமை ஒரு படகு தேவைப்படும், தயாராக இருங்கள்" என்று மட்டும் சொல்வேன். எதற்கு, எங்கே என்பதைப் படகில் ஏறிய பிறகு சொல்வேன். அந்தத் துறைக்காரர்களுக்குக் கோபம் வரும். வரட்டும். நான் அவர்கள் இடத்தில் இருந்தாலும் கோபப்பட்டிருப்பேன்.

ஒருமுறை இதனால் வாங்கிக் கட்டிக்கொண்டோம். எங்களுக்குத் தெரிந்த படகை இன்னொரு துறையும் தனியாகப் பின்தொடர்ந்து வந்திருக்கிறது. இரண்டு பேரும் ஒரே தோப்பில், நூறு கஜம் தள்ளித் தள்ளி, ஒருவர் மற்றவரைக் கடத்தல்காரர் என்று நினைத்துக் காத்திருந்தோம். விடிந்ததும் ஒன்றாக இட்லி சாப்பிட்டோம். படகு வேறு கரையில் ஏறியிருந்தது.

சரக்கை இறங்க விட்டுப் பின்தொடர்ந்தோம் என்றேன் இல்லையா, அதில் வக்கீல் சார் புருவத்தைத் தூக்கியிருப்பார். நாங்கள் செய்த காலத்தில் தங்கத்துக்கு அதற்குச் சட்டத்தில் தனி இடமே இல்லை. போதைப்பொருளுக்கு மட்டும் 50ஏ இருந்தது. சுங்கச் சட்டத்தில் 109ஏ சேர்ந்தது 2018இல்தான். இப்போது முன்அனுமதி, அறிக்கை என்று ஒழுங்கு வந்துவிட்டது. நல்லதுதான். வழியில் கார் கைநழுவியிருந்தால் நான் உள்ளே போயிருப்பேன்.

---

பாம்பன்_காத்து எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வீட்டில் அம்மாவிடம் ஐஸ் கதையைச் சொன்னேன். "அவர் காட்டிக் கொடுக்கலையே, வியாபாரம் போச்சுன்னுதானே சொன்னார்" என்றார். அது எனக்கு இன்னும் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் எப்போது இன்ஃபார்மர் ஆனார்? டீக்கடையில் பேசியபோதா, லாட்ஜ் அறையில் விரல் வைத்தபோதா?

இன்னொரு விஷயம். மூட் கோர்ட் கோப்பு இன்றுதான் கைக்கு வந்தது. கற்பனைக் கேஸ்தான், 20 கிலோ கஞ்சா. எங்கள் அணி குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு. ஐயா சொன்னதைப் படித்ததும் முதல் வேலையாக நேரங்களை ஒப்பிட்டுப் பார்த்தேன். தகவல் பதிவான நேரம் 22.10. மகசர் தொடங்கியது 21.45.

---

கரையோரம்60 எழுதியது:

லாட்ஜில்தான். கடையில் பேசியது அவர், லாட்ஜுக்குக் கூப்பிட்டது நான். வரச் சொன்னபோது இரண்டு நாள் பதிலே சொல்லவில்லை. மூன்றாம் நாள், "என் பேர் எழுத மாட்டீங்கல்ல?" என்று மட்டும் கேட்டார்.

உன் கோப்புக்கு வருகிறேன். உன் சார் வேண்டுமென்றே வைத்த பொறி அது. நேரத்தில் ஆரம்பிக்காதே. அந்த அதிகாரியை முதலில் அலுவலகத்துக்கும் பிடித்த இடத்துக்கும் எத்தனை கிலோமீட்டர், எந்த வண்டியில் போனீர்கள், வண்டியின் டிரிப் ஷீட் எங்கே, எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள் என்று நிதானமாகக் கேள். ஒவ்வொன்றையும் அவர் வாயாலேயே சொல்லட்டும். மேலதிகாரிக்கு நகல் எப்போது போனது, அனுப்பியதற்கு முத்திரை எங்கே என்பதும் கேள். எல்லாம் பதிவான பிறகு 22.10ஐ எடு. அந்த ஜோசியக் கேள்வியை மட்டும் கேட்காதே, எனக்கு இன்னும் வலிக்கிறது.

---

கருப்புக்கோட்டு எழுதியது:

கேள் அம்மா, தாராளமாகக் கேள். சீனியரிடம் நான் அனுமதி வாங்கித் தருகிறேன்.